செயலாளர் ஆண்டறிக்கை: பங்னிர்டங் நெசவுக்கூடத்தைக் கற்ற ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபை உறுப்பினர்களுக்கும், குளிரைப் பொருட்படுத்தாது இன்றைய ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டில் நமது கைப்பணி மன்றம் மேற்கொண்ட பணிகள் பற்றிய அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு கைப்பணி ஊரைத் தெரிந்தெடுத்து, மாதக் கூட்டங்களில் அதையே தொடர்ந்து கற்பது நமது வழக்கம். சென்ற பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி, கனடாவின் வடகோடியில் பாஃபின் தீவிலுள்ள பங்னிர்டங் என்ற சிற்றூரும், அங்கு இயங்கும் உக்குர்மியுட் கலை, கைப்பணி நிலையமும் இவ்வாண்டுக்குத் தெரிவாயின. அத்தீர்மானம் ஏகமனதானது அன்று. நமது சொந்தக் கைத்தறிகளே ஆளின்றிக் கிடக்கையில், பனிப் பிரதேசத்து நெசவை ஓராண்டு முழுவதும் பேசுவதா என்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள், கேள்வி நியாயமானதே. ரொறன்ரோவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னரும், வடக்கே வாழும் இனுவிட் மக்களின் கைவேலை என்றால் விமானநிலையக் கடையில் கண்ட மாக்கல் கரடிக்கு அப்பால் நமக்கு ஒன்றும் தெரியாதிருப்பது அழகல்ல என்ற மறுமொழியும் அதே அளவுக்கு நியாயமாக இருந்தமையால், தீர்மானம் சிறு பெரும்பான்மையில் நிறைவேறியது. எதிர்த்துக் கை உயர்த்தியவர்களுள் ஒருவரே பின்னர் நெசவுச் செய்முறைக்குத் தலைமை தாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதற் கூட்டம் வரைபடத்துடன் தொடங்கியது. பங்னிர்டங், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தெற்கே, கம்பர்லண்ட் சவுண்ட் என்னும் நீண்ட கடற்குடாவிலிருந்து மலைகளுக்கிடையே பிரிந்து செல்லும் ஒரு நீர்க்கிளையின் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 1,500 அளவில். ஊருக்கு வெளியிலிருந்து தரைவழி கிடையாது. நுனாவுட் ஆட்சிப்புலத்தின் தலைநகரான இக்கலுயிட்டிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் சிறு விமானத்தில் பறந்துதான் போகவேண்டும்; பாரமான சரக்கெல்லாம் கடற்பனி விலகும் கோடை மாதங்களில் கப்பலில் வந்து சேரும். மரம் என்பதே இல்லாத, செம்மறியாடு மேயாத அந்த நிலத்தில் கம்பளி நெசவு எப்படி வேரூன்றியது என்ற கேள்வியே ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களை நடத்திச் சென்றது.

விடையைத் தேடும்போது நெசவைக் காட்டிலும் முதலில் வரலாற்றைத்தான் படிக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஸ்கொட்லாந்து, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கம்பர்லண்ட் சவுண்டில் நிலையங்கள் அமைத்துத் தங்கினார்கள். அவற்றுள் கெகெர்டன் தீவு பெயர்பெற்றது. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1883-84இல் இப்பகுதியில் தங்கி ஆய்வு செய்தபோது அத்தீவையே தளமாகக் கொண்டார். இனுவிட் மக்கள் அவ்வேட்டைக் கப்பல்களில் வேலை செய்தார்கள். துணியும் நூலும் அவர்கள் கைக்கு அப்போதே வந்துவிட்டன. திமிங்கிலம் அருகிய பின்னர் நரித்தோல் வியாபாரம் வந்தது. ஹட்சன் பே கம்பனி 1921இல் பங்னிர்டங்கில் கடை திறந்தது. அதைத் தொடர்ந்து பொலிஸ் நிலையமும் மருத்துவமனையும் வந்தன. ஆயினும் பெரும்பாலான குடும்பங்கள் குடாவின் கரைகளில் சிதறிய முகாம்களிலேயே, கடல்நாயும் கலைமானும் வேட்டையாடி வாழ்ந்துவந்தன.

அந்த வாழ்க்கையை முறித்தது 1960களின் தொடக்கத்தில் சறுக்குவண்டி நாய்களிடையே பரவிய கொள்ளைநோய். நாய் இல்லையேல் வேட்டைக்குப் போக வழியில்லை. வேட்டை இல்லையேல் முகாமில் உணவில்லை. 1962இல் முகாம்களில் இருந்தவர்களை அரசு பங்னிர்டங்குக்குக் கொண்டுவந்தது. சிலர் திரும்பிப் போனார்கள் எனினும், அதன் பின்னர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரிலேயே நிலைகொண்டன. கடையும் பள்ளியும் வாடகை வீடும் உள்ள இடத்தில் காசு இல்லாமல் காலந்தள்ள முடியாது. காசு வரும் வேலையோ மிகச் சில. நெசவுக்கூடம் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். கலையார்வத்தினால் பிறந்தது என்று எழுதும் நூல்கள் அரைவாசியைத்தான் சொல்கின்றன என்பது என் கருத்து.

டென்மார்க்கில் பிறந்து மொன்றியலில் கைத்தறி நிறுவனம் நடத்திய கரன் பூலோ என்ற அம்மையார் இந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் முன்னின்றார். டொனால்ட் ஸ்டுவர்ட் என்ற இளம் கைவினைஞர் 1970இல் அங்கு சென்று, உள்ளூர்ப் பெண்களுக்குத் தறி பழக்கினார். முதலில் கழுத்துத்துணி, போர்வை, இடைக்கச்சை போன்ற சாமான்களே நெய்யப்பட்டன. சிறிது காலத்திலேயே சித்திரநெசவுக்கு, அதாவது சுவரில் தொங்கவிடும் டேப்பஸ்ரிக்கு, கூடம் திரும்பியது. அதற்கு வேண்டிய ஓவியங்களை ஊர்ப் பெரியவர்களிடமிருந்தே விலைகொடுத்து வாங்கினார்கள். இதுவே இந்தக் கூடத்தின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். தறி தெற்கிலிருந்து வந்தது, கம்பளி நூலும் தெற்கிலிருந்து வந்தது. ஆனால் அதில் என்ன நெய்வது என்பது முகாம்களில் வாழ்ந்து முடித்தவர்களின் நினைவிலிருந்து வந்தது.

அப்பெரியவர்களுள் இருவரைப் பற்றித் தனிக் கூட்டங்கள் நடத்தினோம். மலாயா அக்குலுக்ஜுக், இளமையில் ஆவிகளோடு பேசும் சடங்கறிவு கொண்டவராகக் குறிக்கப்படுபவர். முதற் சித்திரநெசவுகளுள் பல அவருடைய ஓவியங்களிலிருந்து நெய்யப்பட்டவை. பாதி விலங்கும் பாதி மனிதருமான அவருடைய உருவங்கள், சிறுவர் வரைந்தவை போல முதற்பார்வைக்குத் தோன்றினாலும், நம் அங்கத்தவர்களை நெடுநேரம் பிடித்து வைத்தன. எலிசாபீ இஷுலுடாக் 1925இல் முகாமில் பிறந்து, முகாமிலேயே நடுவயது வரை வாழ்ந்து, ஊருக்கு வந்தபின் வரையத் தொடங்கியவர். கூடாரம், கடல்நாய் எண்ணெய் விளக்கு, முதுகுப்பையில் குழந்தை வைத்த பெண்ணுடை, நாய்வண்டி எனத் தாம் வாழ்ந்ததையே திரும்பத் திரும்ப வரைந்தார். 2014இல் கனடாவின் உயர் குடிசார் விருதான ஓர்டர் ஒஃப் கனடா அவருக்கு வழங்கப்பட்டது, 2018இல் காலமானார். எழுதப்பட்ட வரலாறு அவர்களிடம் குறைவு என்று யாரேனும் சொன்னால், இந்தப் படங்களைக் காட்டினால் போதும்.

செய்முறைக் கூட்டமே இவ்வாண்டின் மிகச் சிறந்த நிகழ்ச்சி. யாழ்ப்பாணத்தில் கைத்தறி நிலையமொன்றில் வேலை பார்த்த நமது மூத்த அங்கத்தவர் ஒருவர், மரச்சட்டத்தில் பருத்திப் பாவு (நெடுக்கு நூல்) கட்டி, சித்திரநெசவு நாம் அறிந்த சேலை நெசவிலிருந்து எங்கே பிரிகிறது என்பதைக் கையாலேயே காட்டினார். சேலையில் ஊடு நூல், அதாவது குறுக்கு நூல், கரைக்குக் கரை ஓடுகிறது. அந்நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஒருமுறை போனால் ஒரு வரி முடிகிறது. சித்திரநெசவிலோ ஊடு கரை வரை போவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சுருள் இருக்கும். அந்த நிறம் எங்கே முடிகிறதோ அங்கேயே நூல் திரும்பிவிடும். வரைபடத்தைப் பாவுக்குப் பின்னால் வைத்து, அதன் கோட்டைப் பார்த்துப் பார்த்து நெய்ய வேண்டும். ஊடு இழைகளை முள்கரண்டியால் நெருக்கித் தட்டி இறக்க, பாவு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. “பாவு வெளியே தெரிஞ்சால் வேலை பிழை” என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டினார். மாலை முழுவதும் பல கைகள் மாறி நெய்தும், வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு முக்கோணம் மட்டும், அதுவும் உள்ளங்கை அளவில், வந்தது. சுவரளவு சித்திரநெசவு ஒன்றின் விலையைப் பார்த்து முகஞ்சுளித்தவர்கள் அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

அன்று ஓர் அங்கத்தவரின் நண்பர் இரவலாகத் தந்த சிறிய பங்னிர்டங் சித்திரநெசவு ஒன்றையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். முன்பக்கத்தில் பனிவெளியில் நிற்கும் ஓர் ஆளும் இரண்டு நாய்களும், வேறொன்றும் இல்லை. பனி வெள்ளையாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். அருகே குனிந்து பார்த்தபோது அது வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம், இலேசான ஊதா என்று பட்டை பட்டையாக மாறிக்கொண்டே போனது. பின்பக்கம் திருப்பினால் நூல் முனைகள் ஒழுங்காக முடியப்பட்டு, ஒரு துணித்துண்டில் ஓவியரின் பெயரும் நெசவாளரின் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. வரைந்தவர் ஒருவர், நெய்தவர் இன்னொருவர், இருவருக்கும் பெயர் உண்டு. நமது பட்டுச்சேலைகளில் கடைக்காரரின் பெயர் மட்டும் சரிகையில் மின்னுவதை நினைத்து, மண்டபத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

கூடத்தின் அமைப்பைப் பற்றியும் சுருக்கமாகப் பதிய வேண்டும். நெசவுடன் அச்சோவியமும் அங்கே வளர்ந்தது. முதல் அச்சோவியத் தொகுப்பு 1973இல் வெளிவந்தது. அரசின் கையில் இருந்த இத்தொழில்கள் 1980களில் தள்ளாடின. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் ஊர்க் கலைஞர்கள் தாமே ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள்; 1991இல் இன்றைய நிலையம் திறக்கப்பட்டது. கூடாரங்கள் சேர்ந்து நிற்பதை நினைவூட்டும் வட்டக் கட்டடங்கள் அவை. 1994இல் தீப்பிடித்து அச்சுக்கூடம் அழிந்தது, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. இன்று நிலையத்தின் பெரும்பங்கு நுனாவுட் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் மீதி கலைஞர் சங்கத்திடமும் உள்ளன. அச்சோவியர்களுள் ஆண்ட்ரூ கப்பிக்கின் பெயர் பலருக்குத் தெரியாமலே தெரிந்ததாக இருக்கும். 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுட் பிறந்தபோது ஏற்றப்பட்ட கொடியின் வடிவமைப்பில் அவருக்குப் பங்குண்டு.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. இனுவிட் அச்சோவியம் என்றதும் உலகம் நினைப்பது அதே தீவின் தென்மேற்கிலுள்ள கிங்கைட்டை, பழைய பெயரில் கேப் டோர்செட்டை. அங்கே 1950களின் இறுதியில் தெற்கிலிருந்து வந்த ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் அச்சுக்கலையைத் தொடக்கிவைத்தார். 1958இல் யப்பானுக்குச் சென்று மரச்செதுக்கு அச்சு முறையைப் படித்தும் வந்தார். அவ்வூர் ஓவியர் கெனோஜுவாக் ஆஷேவாக்கின் 1960ஆம் ஆண்டு ஆந்தை அச்சோவியம், 1970இல் கனடாவின் தபால்முத்திரையிலும் ஏறிவிட்டது. பங்னிர்டங் இந்தப் புகழின் நிழலிலேயே வளர்ந்தது. ஆயினும் நெசவில் அதற்கு அப்பகுதியில் இணையில்லை. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவை அடுத்த கட்டினோவிலுள்ள, அப்போது கனேடிய நாகரிக அருங்காட்சியகம் எனப்பட்ட இன்றைய கனேடிய வரலாற்று அருங்காட்சியகம் 2002இல் பங்னிர்டங் சித்திரநெசவுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியதும், அதற்கென நூல் வெளியிட்டதும் அதற்குச் சான்று.

நடுவாண்டுக் கூட்டமொன்றில் சூடான விவாதம் நடந்தது. தறியே வெளியாரிடமிருந்து வந்ததென்றால் இதை இனுவிட் கைப்பணி என்று எவ்வாறு சொல்வது என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். எது தூய மரபு, எது கலப்பு என்று தெற்கிலிருந்தோர் தீர்ப்புச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. 1961இல் அமைந்து 1989 வரை நீடித்த ஓர் ஆலோசனைச் சபை, வடக்கிலிருந்து வரும் அச்சோவியத் தொகுப்புகளைப் பார்த்து இது சந்தைக்குப் போகலாம், இது போகக்கூடாது என்று முடிவுசெய்துவந்தது. தரம் காக்கப்பட்டது என்போரும் உண்டு, வரைந்தவர் கை கட்டப்பட்டது என்போரும் உண்டு. என் கருத்தைப் பதிவதற்குச் சபை அனுமதிக்குமாயின்: தோலை வெட்டி, வேறு நிறத் தோலை அதில் பதித்து, நரம்பு நூலால் நீர் புகாதவாறு தைத்த கைகளுக்கு, நிறத்தோடு நிறம் பொருந்தும் இடம் எதுவென்று தறி சொல்லிக்கொடுக்கவில்லை. தறி புதிது; கண் பழையது. அவ்வாறு பார்த்தால் கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. கேள்வி கேட்டவர் இன்னும் உடன்படவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன்.

ஊரின் நிலைமைகளைப் பற்றியும் வாசித்தோம். ஏனெனில் கைப்பணியை ஊரிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 2008 ஜூனில் டுவால் ஆறு பெருக்கெடுத்து உறைநிலத்தையே அரித்து, ஊரின் இரு பகுதிகளையும் இணைத்த பாலங்களைச் சேதப்படுத்தியபோது, குடிநீரும் கழிவகற்றலும் தடைப்பட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் டீசல் மின்நிலையம் எரிந்தபோது மீண்டும் அவசரநிலை. நூல், மை, தாள், சட்டம் எல்லாமே விமானத்திலோ கப்பலிலோ வரவேண்டிய ஊரில் ஒரு கூடத்தை அரை நூற்றாண்டு நடத்துவதென்பது, விற்பனைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு விளங்காத காரியம். மாரியில் பனிக்கட்டியில் துளையிட்டு ஆழ்கடல் ஹலிபட் மீன் பிடிப்பதும் ஊரின் வருமானங்களுள் ஒன்று. 1983இல் ஐரோப்பிய நாடுகள் கடல்நாய்க் குட்டித் தோலுக்குத் தடை விதித்ததும் தோல் சந்தையே சரிந்து, வேட்டைக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் தனியாகப் படித்தோம். அந்தப் பாட்டின் நடுவே பெண்களின் கையில் மாதந்தோறும் வந்த கூலி என்ன பெறுமதி உடையது என்பதை நமது அங்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் பாயும் பெட்டியும் இழைத்து வீட்டுச் செலவைச் சமாளித்த தாய்மாரை நாம் அறிவோம்.

கொள்வனவு பற்றிய விபரம் வருமாறு. நிர்வாகசபையின் ஒப்புதலுடன் மன்றத்துக்கென ஓர் அச்சோவியமும், குஞ்சம் வைத்த பின்னல் தொப்பிகள் சிலவும் வாங்கினோம். பங் தொப்பி என்று வடக்கெங்கும் அறியப்படும் இத்தொப்பிகள் கொக்கியூசியால் பின்னப்படுபவை. கோலத்தில் வருவதுபோல ஒரே வடிவம் வரிவரியாகச் சுற்றிவந்து, உச்சியில் குஞ்சத்தில் முடிகிறது. ஒன்றை எடுத்து ஆராய்ந்த நம் பின்னல் குழுவினர், உள்பக்கத்தில் நூல் தொங்காமல் மறு நிறத்தை உள்ளே புதைத்துப் பின்னும் முறையைக் கண்டறிந்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பழகுவதற்காக அதைப் பின்னலாம். விற்பனைக் கூடாரத்தில் நமது பெயரில் விற்கக்கூடாது என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. இம்முடிவில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

இதனுடன் தொடர்பான இன்னொரு விடயம். இணையத்தில் இனுவிட் கைவேலை என்ற பெயரில் ஒரு சிலையை வாங்கிய அங்கத்தவர் ஒருவருக்கு, அச்சில் வார்த்த போலிப் பண்டமே வந்து சேர்ந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 1958இல் கூட்டாட்சி அரசு அறிமுகப்படுத்திய இக்ளு முத்திரைச் சீட்டு இத்தகைய போலிகளைத் தடுப்பதற்காகவே ஏற்பட்டது. பனிக்குடிலின் படம் பொறித்த அச்சீட்டின் பொறுப்பு 2017இல் இனுவிட் கலை அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. வாங்க விரும்புவோர் சீட்டு உள்ளதா, கலைஞரின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயர் இல்லாத பண்டத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நன்று.

பங்னிர்டங்குக்கு நேரில் செல்லும் யோசனை இரு கூட்டங்களில் பேசப்பட்டது. விமானக் கட்டணம் விசாரித்த பின்னர் யோசனை தானாகவே அடங்கிவிட்டது. கொழும்புக்குப் போய்த் திரும்பும் செலவைவிடக் கூடுதலாகிறது என்று பொருளாளர் காட்டிய கணக்குக்கு யாரிடமும் மறுப்பில்லை.

ஏனைய அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. பனிப்புயல் காரணமாக ஒன்று மட்டும் தொலைபேசிவழி நடந்தது. நூலகத்தில் இனுவிட் நெசவு, அச்சோவியம் தொடர்பான நூல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. நெசவுச் சட்டங்களைச் செய்து தந்த தச்சு வேலை தெரிந்த அங்கத்தவருக்கும், மண்டபத்தை இலவசமாகத் தந்துதவியோருக்கும், ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீரும் சிற்றுண்டியும் கவனித்துக்கொண்ட சகோதரிகளுக்கும் மன்றம் நன்றி கூறுகிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்கென நிர்வாகசபை இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறது. நமது மன்றத்தின் சந்தையில் விற்கப்படும் ஒவ்வொரு கைவேலையிலும் வடிவம் வரைந்தவர், செய்தவர் ஆகிய இருவரின் பெயரும் எழுதிய சீட்டு இணைக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. மூத்தோரிடமிருந்து அவர்களுடைய ஊர்வாழ்க்கையைப் பற்றிய கோட்டோவியங்களைச் சிறு தொகை கொடுத்து வாங்கி, அவற்றுள் ஒன்றையேனும் சித்திரநெசவாக நெய்ய வேண்டும் என்பது இரண்டாவது. பென்சிலே பிடித்ததில்லை என்று தயங்கும் மூத்தோர், எலிசாபீ அம்மையார் எந்த வயதில் தொடங்கினார் என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது பிரேரணைக்குத் தேவையான கம்பளியின் மதிப்பீடு பின்னிணைப்பில் உள்ளது. வாக்கெடுப்புக்கு முன்னர் அங்கத்தவர்கள் அதை வாசித்துக்கொள்ளுமாறு கேட்டு, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்